பித்தளைத் தகட்டுக்கு அந்தப் பக்கம்

ஃபோர்ட் ஹேல், டெக்சஸ்
1954 ஜூன் 29, செவ்வாய், காலை 5 மணி 40 நிமிடம்

அக்கா,

நீர்மட்டம் 58 அடி 4 அங்குலம், இறங்குமுகம். பாலத்தின் ஒன்பது கண்களில் நிற்பவை ஐந்து: எங்கள் பக்கம் மூன்று, உங்கள் பக்கம் இரண்டு. நடுவிலிருந்த நான்கும் நேற்று மதியம் 1:10க்கும் 1:25க்கும் இடையே போயின. அப்போது நான் கரைமேல் அளவுகோல் குடிசையில் இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அடித்துத் திருத்த நேரமில்லை. ராணுவப் படகு ஆறு மணிக்குத் தபால் பையை எடுத்துக்கொள்கிறது.

தொலைபேசிக் கம்பியைப் பாலத்தின் அடிவயிற்றில்தான் கட்டியிருந்தார்கள். அதுவும் போயிற்று. என் அறைக்கும் உன் வீட்டுக்கும் நேர்கோட்டில் ஆயிரத்து நூறு கஜம். இந்தக் கடிதம் வந்து சேர நான்கு நாள் ஆகும் என்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை: வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு வந்தது? பெண்கள் இருவரும் எங்கே? அத்தான் வீடு வந்து சேர்ந்தாரா? அவர் 11:40க்குப் பாலத்திலிருந்து இறங்கி உங்கள் பக்கமாக நடந்து போனதைப் பார்த்தேன். அதன்பின் பார்க்கவில்லை.

அவருடைய லாரி ஐந்தாவது கண்ணோடு போய்விட்டது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கொதி வந்ததிலிருந்து பத்து நிமிடம். கொதி வருவதற்கு முன்பிருந்து அல்ல.

போலோ

●

சான் ஹசிந்தோ
ஜூலை 6

போலோ,

ஐம்பத்தெட்டு அடி, நான்கு அங்குலம், ஒன்பது கண், ஒன்று பத்து, ஒன்று இருபத்தைந்து. எனக்குத் தம்பி என்று ஒருவன் மிச்சமிருக்கிறானா என்பதற்கு இத்தனையையும் தாண்டி வர வேண்டியிருந்தது. சரி, இருக்கிறாய். தூய குவாதலூப்பே அன்னைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டேன். அதன் உயரத்தை அளக்கவில்லை.

தண்ணீர் சமையலறை ஜன்னல் வரை வந்தது. அடுப்புக்குள் செத்த மீன் இருந்தது. பெண்கள் மேட்டுத்தெருவில் அவருடைய தங்கை வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஊசி போட்டாயிற்று, கை வீங்கிப்போய் ஊரையே கூட்டுகிறார்கள்.

உன் அத்தான் அன்றைக்கு ஒரு மணிக்கு வந்தார். பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“லாரி எங்க, குக்கோ?”

“போலோ பாலத்து மேல நிறுத்தச் சொன்னான். நிறுத்திட்டேன்.”

ஏதோ கடைவாசலில் நிழல் பார்த்து நிறுத்திவிட்டு வந்த மாதிரி சொன்னார். அரைமணி நேரத்தில் ஊரே கத்தியது, பாலம் போச்சு, பாலம் போச்சு என்று. அவர் எழுந்து வாசலுக்குக்கூடப் போகவில்லை.

இனிமேல்தான் விஷயம். லாரிக்காரர் சங்கத்தில் வெள்ளிக்கிழமை விசாரணை வைத்தார்கள். பதினொரு மணிக்குச் சங்கு ஊதிப் பாலத்தை மூடிய பிறகு இவர் ஒரு நடை சரளைக்கல் கூடுதலாக அடிக்கப் பார்த்தாராம். நடுவில் மாட்டிக்கொண்டதும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாராம். அப்படித்தான் பேச்சு. சங்கத்து விதி உனக்கும் தெரியும், இந்த ஊரில் பால்குடி மாறாத குழந்தைக்கும் தெரியும்: பாலத்தில் வண்டியை விட்டு இறங்கியவனுக்கு வரிசை எண் கிடையாது. அவருடைய பதினேழை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 15, ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்கூட்டம். அன்றைக்குக் கை தூக்கி முடிவு.

லாரி போனால் போகிறது. எண் இருந்தால் யாருடைய லாரியையாவது ஓட்டலாம். எண் போனால் இந்த ஊரில் அவர் தள்ளுவண்டிகூடத் தள்ள முடியாது.

நீ ஒரு காகிதம் எழுதி அனுப்பு. ‘நான்தான் நிறுத்தச் சொன்னேன்.’ இரண்டு வரி போதும். சுருக்கமாக எழுதுவது உனக்குக் கைவந்ததுதானே.

ஹெர்லிந்தா

●

ஃபோர்ட் ஹேல்
ஜூலை 10, சனி, இரவுப் பணிக்கு முன்

அக்கா,

நீ நினைப்பதுபோல இரண்டு வரியில் முடிகிற காரியமில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வெள்ளம் பாலத்தின் அடிப்பகுதியைத் தொட்டால் தண்ணீர் தளத்தை மேலே தூக்கப் பார்க்கும். தளம் தூண்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, திருகி வைத்ததல்ல. மேலே எடை ஏற்றினால் அசையாது. அன்று காலை இரண்டு மைல் மேலே ரயில் பாலத்தில் கனிமம் ஏற்றிய எட்டு வேகன்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. 11:25க்கு நம் பாலத்தில் ஐந்தாவது கண் லேசாகத் தட்டுவதைக் காலில் உணர்ந்தேன். அத்தான் ஆறு டன் சரளைக்கல்லோடு உங்கள் பக்கச் சாவடியில் நின்றிருந்தார். என் மேலதிகாரி ஹாலோவெலைக் கேட்க நேரமில்லை. சொன்னேன். அவர் கொண்டுவந்து நிறுத்தினார். கணக்கு தவறில்லை. ஆறு டன் போதவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அலுவலக நிலை. பாலத்தின் நடுவில் எல்லையைக் காட்டும் பித்தளைத் தகட்டை உனக்குத் தெரியும். என் அலுவலகத்தின் அதிகாரம் அந்தத் தகடு வரைதான். லாரி நின்றது தகட்டுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு அடியில். நான் கொடுத்த அறிக்கையில் ‘தகட்டுக்குத் தெற்கே ஒரு லாரி இருந்தது’ என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை. ஹாலோவெல் படித்துவிட்டு, “அப்ப அது அவங்க தலைவலி” என்று கோப்பை மூடிவிட்டார்.

புதுப் பாலத்துக்கு வரைபடம் ஆரம்பிக்கிறார்கள். நிரந்தரப் பதவிக்கு இரண்டு உதவியாளர்களை எடுக்கப் போகிறார்கள். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. இந்த நேரத்தில் என் கையெழுத்தோடு ஒரு காகிதம் ஆற்றைக் கடந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

அளவெடுக்கும் தொலைநோக்கியை இன்று காலை உன் வீட்டுப் பக்கம் திருப்பினேன். அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அத்தான் கோழிக்கூண்டைப் பிரித்து மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையும் அதையேதான் செய்தார். கூண்டில் கோழி இருக்கிற மாதிரி தெரியவில்லை.

ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். டின் பால், சோப்பு, பெண்களுக்குச் செருப்பு.

போலோ

●

சான் ஹசிந்தோ
ஜூலை 17

தம்பி,

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். குழந்தைகளின் கால் உன்மேல் கோபமாக இல்லை.

‘ஒரு லாரி இருந்தது’ என்று எழுதியிருக்கிறாய். எப்படி இருந்தது? பூனை மதில்மேல் வந்து உட்கார்கிற மாதிரி தானாக வந்து இருந்ததா? யார் கூப்பிட்டார்கள் அதை?

பாலம் ஏன் போயிற்று என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை. ஆறு டன்னா அறுபது டன்னா என்று கேட்கவில்லை. நான் கேட்டது ஒன்று: சொன்னது யார்? அதற்குப் பதில் உன் கடிதத்தின் நடுவில் ஒரே ஒரு சொல்லாக ஒளிந்திருக்கிறது. ‘சொன்னேன்.’ அதையே தனிக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடு.

தகட்டைப் பற்றி என்னிடம் பேசாதே. நீ தகட்டைத் தாண்டி வந்து, லாரியின் ஏணிப்படியில் ஏறி நின்று, ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பேசினாயாம். அன்றைக்கு உன் கால் எந்த நாட்டில் இருந்தது?

உனக்கு வேலை முக்கியம், தெரியும். இந்தத் தெருவிலேயே அளவுகோல் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்று நானே எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன். ஆனால் இங்கே ஒரு மனிதன் காலையில் எழுந்து சவரம் செய்துகொள்கிறான், சட்டையை மாட்டுகிறான், சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவுகிறான். அப்புறம் கூண்டைப் பிரிக்க உட்காருகிறான்.

அந்தக் குழாயை வைத்து என் வீட்டைப் பார்க்காதே. பார்க்க வேண்டுமென்றால் நேரில் வந்து பார்.

ஹெர்லிந்தா

●

ஃபோர்ட் ஹேல்
ஜூலை 24, சனி, பிற்பகல் 2:15

அக்கா,

எல்லாப் பாரத்தையும் என் தலையில் வைக்கிறாய். சரி, ஒன்று கேட்கிறேன். அத்தானுக்கு வாய் இல்லையா? விசாரணையில் எழுந்து நின்று, “பாலத்து ஆபீஸ் ஆள் சொன்னான், நிறுத்தினேன்” என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? ஏழு நொடி. சொல்லிப் பார்த்தேன். அவர் சொல்லியும் சங்கம் நம்பவில்லை என்றால் என் காகிதத்தை மட்டும் எப்படி நம்பும்? மச்சினன் எழுதிக் கொடுத்தது என்று கிழித்துப் போடுவார்கள். அவர் சொல்லவே இல்லை என்றால், அதை ஏன் என்னிடம் கேட்கிறாய்? அவரிடம் கேள்.

ராணுவம் மிதவைப் பாலம் போட்டுவிட்டது. திங்கள் திறக்கிறார்கள். 24 மிதவைகள், ஒரு நேரத்தில் ஒரு வண்டி, நடப்பவர்களுக்கு ஓரமாகக் கயிறு. காய்ச்சல் ஊசி இரண்டு போட்ட அட்டை இருந்தால்தான் கடக்க விடுவார்கள். நான் ஒன்றுதான் போட்டிருக்கிறேன். இரண்டாவதற்கு நேரம் கிடைக்கவில்லை. பகலில் வரைபடம், மாலையில் மிதவைகளின் கயிற்றுத் தளர்ச்சியை அளக்கிறேன். நான்கு மணி நேரத்துக்குமேல் தூங்குவதில்லை. படுத்தால் காலுக்கடியில் அந்தத் தட்டல் கேட்கிறது. இதற்கு மருந்து கேட்டால் காப்பி குடிக்காதே என்கிறார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருந்தாலும் அனுப்புகிறேன்.

போலோ

●

சான் ஹசிந்தோ
ஆகஸ்ட் 5

போலோ,

நீ கேட்கச் சொன்னாய். கேட்டேன்.

சங்கத்துக்குள் பெண்களை விடமாட்டார்கள், உனக்குத் தெரியும். உள்ளே நடந்தது இத்தனை நாளும் எனக்குத் தெரியாது. அவர் உன் பெயரைச் சொல்லியிருப்பார், அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது கொன்சுவேலா பக்கத்தில் வந்தாள். அவள் புருஷன்தான் சங்கத்தில் எழுதுகிறவன்.

“ஏண்டி ஹெர்லிந்தா, உன் வீட்டுக்காரருக்கு என்ன கிறுக்கா? யார் சொல்லி நிறுத்தினேன்னு மூணு தரம் கேட்டிருக்காங்க. மூணு தரமும் ‘நானாத்தான் போனேன்’னு சொல்லியிருக்காரு. அதுக்கு மேல அவங்க என்ன பண்ணுவாங்க?”

வாளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“நீயாத்தான் போனியா?”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது. ஏன் அவன் பேரைச் சொல்லலை?”

அவர் ஆணியை வாயில் கடித்துக்கொண்டே பேசினார். “சொன்னா என்ன ஆகும்? எனக்கு நம்பர் வரும். லாரி வருமா? லாரி ஆத்துல கெடக்கு. ஒரு வீட்டுல ரெண்டு பேருக்கும் வேலை போறது புத்திசாலித்தனமா? ஒருத்தனுக்காவது இருக்கட்டும்.”

“அவன் வந்து சொல்லட்டுமே!”

“சொல்ல மாட்டான். சொல்லவும் வேணாம். அவன் சின்னப் பையன், பயந்திருப்பான்.”

இருபத்தைந்து வயதில் நீ சின்னப் பையன். பயந்திருப்பாயாம்.

எனக்கு யார்மேல் கோபம் அதிகம் என்று தெரியவில்லை. ஒருவர் வாயை மூடிக்கொண்டு என்னைக் கொல்கிறார். இன்னொருவன் வாயைத் திறந்து திறந்து கொல்கிறான். நான் சங்கத்து வாசலுக்குப் போய்ச் செயலாளர் தோன் அபுந்தியோவிடம் சொன்னேன், என் தம்பிதான் சொன்னான் என்று. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னார், “அம்மா, நிறுத்தினவரு இல்லேங்கறாரு. சொன்னவரு வரலை. இடையில நீங்க சொல்றதை நான் எங்க எழுதிக்கறது?”

இனிமேல் நான் உனக்குக் காகிதம் எழுதச் சொல்ல மாட்டேன். காகிதமும் வேண்டாம். ஊசி போட நேரமில்லை என்று எழுதியிருந்தாய். என் பெண்களில் சின்னவளுக்கு வயது நான்கு. அவளுக்கு நேரம் கிடைத்தது.

பதினைந்தாம் தேதி ஞாயிறு, பத்து மணி. அதற்குமேல் நான் எழுதுவதற்கு எதுவும் இல்லை.

ஹெர்லிந்தா

●

ஃபோர்ட் ஹேல்
ஆகஸ்ட் 14, சனி, மாலை 5:05

அக்கா,

உன் கடிதத்தை ஒன்பதாம் தேதி படித்தேன். ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் எதுவும் எழுதப் போவதில்லை.

ஜூலை 10ஆம் தேதி உனக்கு எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. ஹாலோவெலைக் கேட்க நேரமில்லை என்று எழுதினேன். நேரம் இருந்தது. அலுவலகம் பாலமுனையிலிருந்து இருநூறு அடி. போய்த் திரும்ப மூன்று நிமிடம். நான் போகவில்லை. போயிருந்தால் அவர் வேண்டாம் என்றிருப்பார். ரயில் பாலம் இரும்புத் தூண்மேல் நிற்பது, நம்முடையது கல்தூண். எடை ஏற்றினால் அரித்துப்போன அடிக்கல் இன்னும் சீக்கிரம் சாயும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அது பாலம் போன பிறகு தெரிந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் படித்திருக்கவில்லை. பாலத்தைக் காப்பாற்றியவன் நான் என்று வர வேண்டும் என நினைத்தேன்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு உங்கள் பக்கச் சாவடியில் மூன்று லாரிகள் நின்றன. அத்தானுடையது மூன்றாவது. முதலில் ஒன்பதாம் எண்காரரிடம் போனேன். “எழுதிக் குடு, கொண்டாந்து நிறுத்தறேன்” என்றார். பன்னிரண்டாம் எண்காரரும் அதையேதான் சொன்னார், “உன் வாய் வார்த்தையை நம்பி என் வண்டியை ஆத்துல விடவா, ராசா?” என்று சிரித்தார். அத்தானிடம் போனேன். அவர் எழுதித் தரச் சொல்லவில்லை. “எங்க நிறுத்தணும், சொல்லு” என்றார். நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தார். தகட்டுக்கு இன்னும் பன்னிரண்டு அடி இருக்கும்போது நான்தான் கை காட்டி நிறுத்தினேன். கை பிரேக் போடச் சொன்னது நான். சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்தது நான். “இறங்கிப் போங்க அத்தான், நான் பாத்துக்கறேன்” என்று சொன்னதும் நான்.

இன்று காலை ஊசி போட்டுக்கொண்டேன், 8:15க்கு. பிறகு அறிக்கையின் திருத்தத்தைத் தட்டச்சு செய்து ஹாலோவெலிடம் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார்.

“இதை நான் பார்க்கலை. எடுத்துட்டுப் போ. செவ்வாய்க்கிழமை நிரந்தர வேலைக்கு ரெண்டு பேரு கையெழுத்துப் போடப் போறாங்க. அதுல ஒருத்தன் நீ.”

“பார்த்துட்டீங்களே, சார்.”

“தகட்டுக்கு அந்தப் பக்கம் நீ என்ன பண்ணினாலும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிஞ்சுதுன்னா உன்னை வெச்சுக்க முடியாது. புரியுதா?”

“புரியுது. தெரிஞ்சுக்கங்க.”

தாளை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். பின்னாலிருந்து ஏதோ திட்டினார், பாதிதான் காதில் விழுந்தது.

ஊசி போட்டு இருபத்துநான்கு மணி நேரம் ஆனால்தான் அட்டையில் முத்திரை குத்துவார்கள். அதனால் இன்றைக்கே வர முடியாது. மிதவைப் பாலத்து வாசலில் காவல் சிப்பாயிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். அந்தச் சிப்பாய்க்கு என்னைவிடப் பொறுமை அதிகம். ரொட்டிக்கார மாத்தியாஸ் ஆறு மணிக்குக் கடக்கிறார், அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். அத்தானிடம் காட்டாதே. காட்டினால் அவர் கூட்டத்துக்குப் போகமாட்டார்.

இனி நான் செய்யப் போவது:

1. நாளை காலை 7:30க்கு மிதவைப் பாலத்து வரிசையில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அந்த வரிசையில் ஏறக்குறைய முந்நூறு பேர் இருப்பார்கள், போன வாரம் எண்ணினேன். முதல் ஐம்பதுக்குள் இருந்தால் 8:15க்கு முத்திரை, 8:40க்கு உங்கள் கரை.

2. வீட்டுக்கு வரமாட்டேன். நேரே ஒன்பதாம் எண்காரர் வீடு, பிறகு பன்னிரண்டாம் எண்காரர் வீடு. என்னிடம் எழுதித் தரச் சொன்னதை அவர்கள் கூட்டத்தில் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் அவர்கள் பெயரையும் நானே சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

3. பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் சங்கத்து வாசல். உறுப்பினர் இல்லாதவன் உள்ளே வரக்கூடாது என்பார்கள். தோன் அபுந்தியோவிடம், சொன்னவன் வந்திருக்கிறான், எழுதிக்கொள்ளுங்கள் என்பேன்.

4. அத்தான் எழுந்து, “பையன் பொய் சொல்றான்” என்று சொல்வார். சொல்லட்டும். வலது பின்சக்கரத்துக்கு மட்டும் நான் வைத்தது கல் அல்ல, சாவடியிலிருந்து எடுத்த மரக்கட்டை. அது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். அந்தச் சக்கரத்துக்கு என்ன வைத்தேன் என்று எல்லார் முன்னாலும் அவரையே கேட்பேன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியும், சட்டென்று சொல்லத் தெரியாது.

5. கை தூக்கும்போது வெளியே நிற்பேன். பதினேழு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்றால் மறுபடி உள்ளே போவேன். கிடைக்கும்வரை போவேன்.

6. திங்கள் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் சாவியையும் தொலைநோக்கியையும் ஒப்படைப்பேன்.

7. கூட்டம் முடிந்ததும் அத்தான் என்னை அடித்தால் நீ குறுக்கே வராதே. அடிக்காமல், வா வீட்டுக்கு என்று கூப்பிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் நான் எதுவும் எழுதி வைக்கவில்லை.

போலோ